கோயில் திருப்பத்துக்கு மேலே ஒரு விரற்கடை

வண்டி எதுவானாலும் ராஜாக்கண்ணு முதலில் பார்ப்பது அதை ஓட்டிக்கொண்டு வந்தவரின் செருப்பைத்தான். சம்பூர்ணம் இதை இருபத்திரண்டு வருஷமாகக் கவனித்து வருகிறாள். கல்யாணமான புதிதில், தன்னைப் போலவே தன் புருஷனும் கூச்சக்காரன், ஆள் முகம் பார்க்க வெட்கப்பட்டுத் தரையைப் பார்க்கிறான் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அது அப்படியில்லை என்று புரிய ஒரு வருஷம் பிடித்தது.

வலது செருப்பின் முன்பாதி வழுவழுத்திருந்தால் அந்த ஆள் பின்பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுகிறவர். சக்கரத்தைக் கழற்றாமலேயே பிரேக் தேய்ந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். இடது செருப்பின் வெளிவிளிம்பு கரைந்திருந்தால், நிற்கும்போதெல்லாம் வண்டியை இடப்பக்கம் சாய்த்துக் காலை ஊன்றுகிறவர். அந்தப் பக்கத்தில் குலுக்கலைத் தாங்குகிற ஷாக் சீக்கிரம் போகும். வந்தவர் வாய் திறக்குமுன்னே ராஜாக்கண்ணு கோளாறைச் சொல்லிவிடுவார். வந்தவர் முழிப்பார். சம்பூர்ணத்துக்கு இன்றைக்கும் அந்த நேரத்தில் லேசாகப் புல்லரிக்கும்.

சந்தவாசலில் படவேடு போகிற ரோட்டின் ஓரம் தகரக் கூரை போட்டு இரண்டு அறை. அதுதான் பட்டறை. ராஜாக்கண்ணு படவேட்டுக்காரர். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். பத்தாவது தவறியதும் வேலூரில் ஒரு லாரி ஷெட்டுக்குப் போய், பதினோரு வருஷம் லாரிகளுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்துவிட்டு, மந்தமாகிப்போன இடது காதோடும் ஒரு பெட்டி ஸ்பேனரோடும் திரும்பி வந்தார். காது மந்தம் என்பதால் என்ஜின் சத்தத்தைக் கையால் கேட்பார். உள்ளங்கையை என்ஜின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அத்தனை பேருடைய பெரிய வண்டியையும் பிரித்துப் பூட்டுகிறவர், தனக்கென்று வைத்திருப்பது ஒரு பழைய மொபெட்.

சம்பூர்ணம் கணியம்பாடி பக்கத்துப் பெண். ஏழாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனதால் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. பட்டறையில் அவள் இடம், போல்ட் நட் டப்பாக்கள் அடுக்கிய தகர அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைப்பாள், போல்ட்டுகளை அளவு பார்த்துப் பிரித்துப் போடுவாள், அவர் கேட்பதற்கு முன்பே கையில் ஸ்பேனரைக் கொடுப்பாள். வருகிறவர்களோடு பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் கையைக் காட்டுவாள். ஒருமுறை ஒரு லாரி டிரைவர் அவளை ஊமை என்றே நினைத்து, தண்ணீர் வேண்டும் என்பதைக் கட்டை விரலால் சைகை செய்து கேட்டார். அவளும் பேசாமல் சொம்பை நீட்டினாள்.

போன வருஷம் தை மாசம் ஒரு காலையில் செல்லி வந்தாள்.

அவள் ஓட்டிவந்தது முந்நூற்றைம்பது சிசி டூரிங் பைக். பதினாலு வருஷத்துப் பழசு. முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டுகிற கம்பி, பின்சீட்டுக்கு நாற்காலி மாதிரி அகலமான சாய்மானம். வண்டி தெரிந்தது, அதன் மேல் ஒரு தலை தெரிந்தது. நடுவில் ஆள் இருப்பதே பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. பட்டறைக்கு முன்னால் அவள் நிறுத்த இடம் தேடவில்லை, கல் தேடினாள். ரோட்டோரத்து மைல்கல் கண்ணில் பட்டதும் வண்டியை அதன் பக்கமாக மெல்ல ஓட்டிவந்து, அதன் தலைமேல் இடது காலை வைத்த பிறகுதான் என்ஜினை நிறுத்தினாள். சம்பூர்ணம் ஸ்டூலில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லி மலைக்காரி. ஜவ்வாது மலையில் ஆலங்கொல்லை அவள் ஊர். அவள் புருஷன் பிரகாஷ் புளிய மரம் ஏறி உலுக்குகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளை முறிந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது. வேலூரில் ஆபரேஷன் பண்ணி உள்ளே கம்பி வைத்தார்கள். வியாழக்கிழமைதோறும் உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டி வரவேண்டும், விட்டால் கால்கள் இறுகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸின் படி உயரம், அவனால் ஏற முடியாது. ஷேர் ஜீப்பில் பதினைந்து பேருக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்தால் வலியில் மயங்கிவிடுகிறான். ஸ்கூட்டரின் தட்டை சீட்டில் சாய இடமில்லை. இந்த வண்டி விழுவதற்கு முன்பே அவன் வாங்கியது. பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு சாய்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. டாக்டரும் சரி என்றுவிட்டார். ஓட்டத்தான் ஆள் இல்லை. செல்லி ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் கால் எட்டவில்லை. முந்தின மாதம் ஒரு திருப்பத்தில் நிறுத்தியபோது கட்டை விரல் மட்டும் தரையைத் தொட்டு, வண்டி சாய்ந்துவிட்டது. நல்லவேளை அன்றைக்குத் தனியாகத்தான் போயிருந்தாள். பிரகாஷ் பின்னால் இருக்கும்போது அப்படி ஒருமுறை விழுந்தால் அதற்கப்புறம் நடக்கவே முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னதை, அவள் பட்டறையில் நின்றபடி, அழாமல், விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தாள். ஒருவர் வண்டியை விற்கச் சொன்னார். ஒருவர் பின் ஷாக்கின் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றார். மூன்றாமவர் சிரித்தார்.

ராஜாக்கண்ணு வழக்கம்போல அவள் செருப்பைப் பார்த்தார். புதுசு. தடித்த அடி, ஒரு விரற்கடை இருக்கும். தேய்மானமே இல்லாததால் அதில் படிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளை வண்டியில் உட்காரவைத்து, குந்தி உட்கார்ந்து, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே விரல்களை அடுக்கி அளந்தார். பிறகு சுவரோரம் போய் நின்று நெடுநேரம் வண்டியைப் பார்த்தார்.

அன்று சோறு சாப்பிடும்போது சம்பூர்ணத்திடம் சொன்னார்: “அந்தப் பொண்ணுக்கு வண்டி எறங்கணும். அவ புருசனுக்கு எறங்கக்கூடாது. ரெண்டு பேரும் ஒரே சீட்டுல ஒக்காந்துகினு கீறாங்க.”

அவர் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு உடனே பிடிபட்டது. ஷாக்கைக் குட்டையாக்கினால் சீட் இறங்கும், செல்லியின் கால் தரைக்கு வரும். ஆனால் குட்டை ஷாக் அமுங்க இடம் குறைவு. பள்ளத்தில் விழுந்தால் முழுக்க அமுங்கி அடியில் மோதும். அந்த மோதல் நேராகப் பின்சீட்டில் இருக்கிறவனின் முதுகுக்குப் போகும். உள்ளே கம்பி வைத்த முதுகுக்கு. அவளுக்குத் தருகிற ஒவ்வொரு விரற்கடையும் அவனிடமிருந்து எடுப்பதுதான்.

வண்டியில் இருந்த ஷாக், கண்ணுக்குக் கண் பதினாலு அங்குலம். கண் என்பது மேலும் கீழும் போல்ட் நுழைகிற ஓட்டை. வேலூரிலிருந்து பன்னிரண்டரை அங்குலத்தில் ஒரு ஜோடி தேடி வாங்கிவந்து மாட்டினார். செல்லியின் செருப்பு தரையில் முழுசாகப் பதிந்தது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து சம்பூர்ணமும் சிரித்துவிட்டாள். ராஜாக்கண்ணு சிரிக்கவில்லை. பிரகாஷின் எடைக்கு இரண்டு மணல் மூட்டையைப் பின்சீட்டில் கட்டி, பள்ளிக்கூடத்து வேகத்தடை மேல் ஓட்டச் சொன்னார். டம் என்று ஒரு சத்தம். டயர் மட்கார்டின் உட்புறத்தில் மோதியது. அவர் ஷாக்கைக் கழற்றிவிட்டு, வண்டியை வைத்துவிட்டுப் போகும்படி செல்லியிடம் சொன்னார்.

அடுத்த பத்து நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வேலூரில் ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கிற பட்டறை ஒன்றுக்கு மூன்று முறை போய்வந்தார். கடைசியாகக் கொண்டுவந்த ஸ்பிரிங்கைச் சம்பூர்ணம் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருந்தன. போகப் போக இடைவெளி அகன்றது. நெருக்கமான சுற்றுகள் சின்னக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். அவை படிந்துவிட்டால் அகன்ற பக்கம் விறைத்துக்கொண்டு பெரிய அடியைத் தாங்கும். இரும்புக்குள் ஒரு பொறுமையையும் ஒரு பிடிவாதத்தையும் சேர்த்துச் சுற்றி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றியது.

பன்னிரண்டரை அங்குல ஷாக்கில் அதைப் போட்டு மாட்டிய பிறகு மணல் மூட்டையில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மணல் தளரும், நெளியும், அடியை உள்ளே வாங்கிக்கொள்ளும். பெல்ட் கட்டிய முதுகு நெளியாது. பட்டறை மூலையில் கிடந்த ஒரு பலகையை எடுத்துவந்தார். அதைத் தன் முதுகில், கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை நிற்கும்படி வைத்து, சம்பூர்ணத்தைக் கூப்பிட்டு வேட்டியால் இறுக்கிக் கட்டச் சொன்னார்.

“இன்னாங்க இது” என்றாள்.

“இழு. இன்னும் இறுக்கு. மூச்சு முட்டணும்.”

மரப்பாச்சி மாதிரி விறைத்து, பக்கத்துக் கடைக்காரன் ஒருவன் கைத்தாங்கலாக ஏற்றிவிட, ஓட்டிப் பார்க்க வரச்சொல்லியிருந்த செல்லிக்குப் பின்னால் உட்கார்ந்தார். கைத்தாங்கல் கொடுத்தவன் நவீன்குமார். செல்போன் கடைக்காரன், வாய் ஓயாது.

“அண்ணே, கட்டனது கட்டிட்டீங்க. அப்டியே பூ மாலையும் ஒண்ணு போட்டுட்டா ஊர்கோலம் போய்ட்டு வந்துரலாம்” என்றான். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். ராஜாக்கண்ணுவால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பலகை விடவில்லை.

அன்றைக்கு மட்டும் அந்த வேகத்தடையில் முப்பது முறைக்கு மேல் ஏறி இறங்கினார்கள். பிறகு படவேடு ரோட்டில் குண்டும் குழியுமாக இருந்த பக்கம் போனார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அப்புறம் அவர் இறங்கி, ஸ்பிரிங்கை இறுக்க ஷாக்கின் அடியில் இருக்கிற வளையத்தை ஒரு பல் முறுக்குவார், மறுபடி ஏறுவார். சாயங்காலம் கட்டை அவிழ்த்தபோது முதுகில் பலகையின் விளிம்பு பட்ட இடம் இரண்டு கோடாகச் சிவந்து கன்றியிருந்தது. சம்பூர்ணம் தேங்காய் எண்ணெய் தடவினாள். முகம் தெரியாத ஒருவனின் வலியை இந்த மனுஷன் வாங்கித் தன் முதுகில் வைத்து அளந்திருக்கிறான் என்று நினைத்தபடி அந்தக் கோடுகளின் மேல் இன்னொரு முறை தடவினாள்.

“தாங்குது” என்று மட்டும் சொன்னார் அவர்.

வண்டி இறங்கிவிட்டதால் பக்க ஸ்டாண்ட் நீளமாகிப்போய், நிறுத்தினால் வண்டி நட்டுக்கொண்டு நின்றது. காற்றடித்தாலே மறுபக்கம் சாய்ந்துவிடும். அதை வெட்டிக் குறைத்துப் பற்றவைத்தார். வானத்தைப் பார்த்த ஹெட்லைட்டை ரோட்டுக்குத் திருப்பினார். வேலை முடிந்தது என்று செல்லிக்குப் போன் பண்ணினார்.

வியாழக்கிழமை மத்தியானம் பிரகாஷும் வந்தான். ஊர்க்காரர் ஒருவரின் காரில் அவனைப் படுக்கவைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். வேலூரில் சிகிச்சை முடிந்ததும் கார் அவனைப் பட்டறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. இனி இந்த வண்டியில்தான் மலைக்குத் திரும்பவேண்டும். நெட்டையான ஆள், இரண்டு கோல். வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கிட்ட இருந்தப்ப குதிரையாட்டம் இருந்துச்சு. இப்ப கன்னுக்குட்டி ஆயிடுச்சு” என்றான். “யாரு ஓட்டப்போறாங்களோ அவங்க அளவுக்குத்தான் இருக்கும்” என்று செல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

அவனை ஏற்றி உட்காரவைத்தார்கள். செல்லி சாவியைப் போட்டாள். அந்த நேரத்தில்தான் சம்பூர்ணம் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

முதல் நாளிலிருந்தே அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. செருப்புப் போட்டுப் பழகிய காலில் வார் பட்ட இடம் வெளுத்திருக்கும். செல்லியின் காலில் அந்தத் தடம் இல்லை. குதிகாலில் வெடிப்பு, பாதம் அகன்று, விரல்கள் பிரிந்து, கல்லிலும் மண்ணிலும் நடந்த கால். செருப்பு புதுசு, கால் பழசு. தன் புருஷன் செருப்பைத்தான் பார்த்தார், உள்ளே இருந்த காலைப் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியபடியே இருந்தது. அவர் பார்க்காததைத் தான் பார்த்துவிட்டதாக நினைப்பதே தப்போ என்று இத்தனை நாளும் பேசாமல் இருந்துவிட்டாள். இப்போது வண்டியின் பின்சீட்டில் அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் செல்லியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏம்மா, மேல வூடு போற வரைக்கும் செருப்பு போட்டுனுதான் போவியா?”

செல்லி திரும்பிப் பார்த்தாள். “இல்லக்கா. கோயில் திருப்பம் வரைக்கும்தான். அங்க கழட்டிப் பையில வெச்சிருவேன். அதுக்கு மேல எங்க ஊர்ல யாரும் செருப்பு போடறதில்ல.”

அந்தத் திருப்பத்தில் ஓர் அம்மன் இருக்கிறாள். அதற்கு மேலே இருக்கிறதெல்லாம் அவள் வாசல் என்பது ஆலங்கொல்லைக்காரர்களின் எண்ணம். அதற்கு மேலேதான் சரிவு கடுமை, திருப்பங்கள் குறுகல். ராஜாக்கண்ணுவின் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. “செருப்பைக் கழட்டிட்டு ஒக்காரும்மா” என்றார்.

கழற்றினாள். குதிகால் தரையை விட்டு எழுந்து நின்றது. சரியாக ஒரு விரற்கடை.

நவீன்குமார்தான், “இதுக்கு இன்னா பெரிய யோசனை. செருப்போடவே போகச் சொல்லுங்கண்ணே, வேலை முடிஞ்சிது” என்றான்.

“அது அவங்க ஊரு வழக்கம். அதுல நமக்கு வேலை இல்ல. நம்ம வேலை வண்டில” என்றார் ராஜாக்கண்ணு. பிறகு யாரையும் பார்க்காமல், “நாந்தான் தப்பா அளந்துட்டேன்” என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையைச் சம்பூர்ணம் பட்டறையில் கேட்டதில்லை.

ஷாக்கில் இனி கைவைக்க முடியாது. இன்னும் குறைத்தால் பிரகாஷின் முதுகு. அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடிக்குள் கொஞ்சம் மேலே ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் இறங்கும். அதில் அரை விரற்கடை கிடைக்கும், அதற்கு மேல் போனால் மட்கார்டு இடிக்கும். மீதி அரை விரற்கடைக்கு வழி இல்லாமல் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அவர் எப்போதும் கீழே இருந்து பார்க்கிறவர். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குக் கண்ணுக்கு நேராக இருப்பது ஆளின் தொடை. சம்பூர்ணம் போய், ஓட்டுகிறவர் சீட்டின் முன்பாகத்தில் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்துக் காட்டினாள். நெடுந்தூரம் போகிறவர்களுக்காகச் செய்த அகலமான சீட். செல்லியின் தொடையை அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கால் நேராக இறங்காமல் விரிந்து இறங்கியது. அகலத்தைக் குறைத்தால் கால் நீளும்.

ராஜாக்கண்ணு அவள் கைகளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “அந்த ரம்பக் கத்தியை எடு” என்றார்.

அன்று செல்லியும் பிரகாஷும் அவர்கள் வீட்டிலேயே தங்கினார்கள். ஃபோர்க்கை அவர் ஏற்றினார். சீட்டின் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை முன்பக்கம் இரண்டு ஓரமும் செதுக்கினார். உறையைச் சம்பூர்ணம் கோணி ஊசியால் இழுத்துத் தைத்தாள். தையல் ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

மறுநாள் காலை வண்டி கிளம்பியபோது ராஜாக்கண்ணுவும் மொபெட்டை எடுத்தார். சம்பூர்ணமும் ஏறிக்கொண்டாள். பட்டறையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து போனது அவளுக்கு நினைவு தெரிந்து அன்றைக்குத்தான். மலை ஏற ஏற மொபெட் முனகியது. முன்னால் பெரிய வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

கோயில் திருப்பத்தில் செல்லி நிறுத்தினாள். செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள். சம்பூர்ணமும் கேட்காமலே தன் செருப்பைக் கழற்றி மொபெட்டில் மாட்டினாள். அவளைப் பார்த்து ராஜாக்கண்ணுவும் கழற்றினார். மறுபடி கிளம்பினார்கள். மூன்றாவது திருப்பத்தில், சரிவின் நட்டநடுவில், மேலேயிருந்து பஸ் இறங்கியது. செல்லி நிறுத்தியே ஆகவேண்டும். பஸ் ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. ராஜாக்கண்ணுவின் தோளைப் பிடித்திருந்த சம்பூர்ணத்தின் கை இறுகியது.

வலது கால் பிரேக்கில் இருந்தது. இடது கால் இறங்கியது. வெடித்த குதிகால், அகன்ற பாதம், ஐந்து விரல்கள், எல்லாம் தாரில் பதிந்து நின்றன. பின்னால் பிரகாஷின் உடம்பு ஒரு நூல்கூடச் சாயவில்லை. அவன் சாய்மானத்தில் தலையை வைத்து மேலே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை இரும்பும் அத்தனை உயரத்து மலையும் அந்த ஆளும் அந்த ஒற்றைப் பாதத்தின் மேல் நிற்பது போலச் சம்பூர்ணத்துக்கு இருந்தது. பஸ் ஒதுங்கி இறங்கிப் போனதும் பெரிய வண்டி மறுபடி மேலே ஏறியது.

ராஜாக்கண்ணு மொபெட்டைத் திருப்பினார். அடிவாரத்துக்கு வந்த பிறகு, “காலைப் பாத்தது நீ” என்றார்.

அந்த ஷாக்குகள் போட்டு இப்போது ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. இடப்பக்கத்து ஷாக்கில் ஒருமுறை ஆயில் கசிந்து சீல் மாற்றியாகிவிட்டது. பிரகாஷுக்கு ஒரு கோல் போதும் என்றாகிவிட்டது. வாரம் ஒருமுறை இருந்த சிகிச்சை மாதத்துக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது. மரம் ஏற முடியாது. உலுக்கிய புளியிலிருந்து கொட்டை எடுக்கிற வேலையை உட்கார்ந்தபடி செய்கிறான். வண்டியைச் செல்லிதான் ஓட்டுகிறாள், இதுவரை விழவில்லை.